அயல் மாநிலச் சாலையில் நம் பிள்ளைகள்



புனித அகுஸ்தினாரின் தாயார் மோனிக்கம்மாள், ஆப்பிரிக்காவை விட்டுத் தம் மகனைத் தொடர்ந்து இத்தாலி நாட்டு மிலான் நகருக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்கு ஒரு மனக்கலக்கம் உண்டாயிற்று. சனிக்கிழமைகளில் நோன்பிருப்பதா, விடுவதா என்பதே அது. உரோமையில் அன்று நோன்பு உண்டு, மிலானில் இல்லை. தம் ஊர் வழக்கத்தைத் தொடர்வதா, வந்த ஊர் வழக்கத்தை ஏற்பதா என்று அந்தப் புண்ணியவதி தடுமாறினார். அக்காலத்தில் அகுஸ்தினாருக்கு இத்தகைய காரியங்களில் அக்கறை கிடையாது. எனினும் தாயின் மன அமைதிக்காக ஆயர் அம்புரோசியாரிடம் சென்று கேட்டார். தாம் உரோமையில் இருக்கும் நாளில் சனிக்கிழமை நோன்பிருப்பதாகவும், மிலானில் இருக்கும்போது இருப்பதில்லை எனவும் ஆயர் கூறினார். எந்தத் தலத்திருச்சபைக்குச் சென்றாலும் அதன் வழக்கத்தைக் கைக்கொண்டால், நாம் பிறருக்கு இடறலாக மாட்டோம், பிறரும் நமக்கு இடறலாக மாட்டார்கள் என்பது அவர் தந்த விளக்கம். மோனிக்கம்மாள் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்.

இதனைப் பல ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ கி.பி. 400இல், யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில் அகுஸ்தினாரே விவரிக்கிறார். அங்கே அவர் வேறொரு பாகுபாடும் செய்கிறார். உலகெங்கும் திருச்சபை ஒருமிக்கக் கடைப்பிடிப்பவை சில. அவற்றை எங்குச் சென்றாலும் விடலாகாது. இடத்துக்கு இடம் வேறுபடுபவை சில; அவற்றில் நாம் வாழும் இடத்து மக்களோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் அந்த வழக்கம் விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் முரணாக இருத்தல் கூடாது.

நோன்பைப் பற்றிய இந்த அறிவுரையைச் சாலையைப் பற்றிப் பேசப் பயன்படுத்துவது பொருந்துமா என்று சிலர் நினைக்கக்கூடும். பொருந்தும் என்றே கருதுகிறேன். நம் பங்குகளிலிருந்து பெங்களூருக்கும் கொச்சிக்கும் மும்பைக்கும் ஐதராபாத்துக்கும் பிழைப்பு நாடிச் செல்லாத பிள்ளைகள் உள்ள குடும்பம் எது? புறப்படும்போது ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறோம். அங்கே தமிழ்த் திருப்பலி எந்தக் கோவிலில் என்று விசாரிக்கிறோம். வண்டியையும் இரயிலில் ஏற்றி அனுப்புகிறோம். அந்த வண்டியை அந்த ஊரில் எப்படி ஓட்ட வேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே. ஆகவே, 'எங்கள் ஊரில் ஒழுங்காக ஓட்டுகிறோம், அங்கேதான் ஒழுங்கில்லை' என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம்.

எங்கும் ஒன்றாக இருப்பவை எவை? மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய ஓட்டுநர் உரிமம் காஷ்மீர் வரை செல்லும். சாலைக் குறியீடுகளும் ஒன்றே. கன்னட எழுத்தோ தெலுங்கு எழுத்தோ படிக்கத் தெரியாதவருக்கும் வடிவம் பேசும். முக்கோணம் எச்சரிக்கிறது, சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடுக்கிறது, எண்கோணம் நிறுத்தச் சொல்கிறது, தலைகீழ் முக்கோணம் மற்றவருக்கு வழிவிடச் சொல்கிறது. லைசென்ஸ் வாங்கும் நாளில் மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துவிட்ட இந்தப் பாடம், மொழி தெரியாத ஊரில்தான் உயிர் காக்கும்.

வேறுபடுபவை வரியும் அபராதமும் கண்காணிப்பும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மோட்டார் வாகனம் பொதுப்பட்டியலில் இருக்கிறது; வாகன வரியோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் ஒன்றாகவும் வரி பலவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமுன் இங்குள்ள அலுவலகத்தில் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் கடன் தந்தவரின் இசைவும் தேவை. அங்கே 27ஆம் படிவம் கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்ற வரியைச் செலுத்திப் புதிய எண் பெற வேண்டும். இங்கே செலுத்திய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். அது கைக்கு வருவதற்குள் கேட்டவர் களைத்துப்போவார் என்பதும் உண்மை. ஒரே வண்டிக்கு இருமுறை வரி கட்டிவிட்டு நெடுநாள் காத்திருக்கும் குடும்பத்தின் முறையீடு நியாயமானதே. ஆள்வோர் செவிசாய்க்க வேண்டிய காரியம் இது. அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியருக்கும் 2021 முதல் 'பி.எச்.' வரிசை எண் வந்திருக்கிறது. தகுதி உடையோர் புது வண்டி வாங்கும்போதே அதனைக் கேட்டுப் பெறுவது நலம்.

ஆனால் சிலர் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பெங்களூரில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருந்துகொண்டே, அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடிச் சீட்டு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்து, 'போன வாரம்தான் ஓசூரிலிருந்து வந்தேன்' என்று காவலரிடம் காட்டுவார்கள். உண்மையாகவே வாரந்தோறும் சென்று வருபவர் காட்டட்டும், குறையில்லை. மற்றவர் காட்டினால் அதற்குப் பொய் என்று பெயர். அச்சீட்டைப் பின்னிருக்கையில் அமர்ந்த பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

அபராதக் கதை சற்று வேடிக்கையானது. 2019 செப்டம்பர் 1 முதல் மத்திய அரசு தொகைகளைப் பல மடங்கு உயர்த்தியது. குஜராத், கர்நாடகம், கேரளம் முதலிய மாநிலங்கள் அவற்றில் சிலவற்றை உடனே குறைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தன. கேரளத்தில் 2023 ஜூன் முதல் 700க்கும் மேற்பட்ட தானியங்கிக் கேமராக்கள் சாலையோரம் நின்று படம் பிடிக்கின்றன. மகன் கொச்சியில் தலைக்கவசம் இல்லாமல் போகிறான். வண்டி தகப்பன் பெயரில் இருப்பதால் அபராதச் செய்தி இங்கே தகப்பனின் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. வீட்டில் நடக்கும் விசாரணை அதன் பிறகுதான்.

பின்னிருக்கைக்காரரின் தலைக்கவசத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், ஓட்டுபவராயினும் பின்னால் அமர்பவராயினும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதே சட்டம். கர்நாடகம் 2016இலும் கேரளம் 2019 டிசம்பரிலும் பின்னிருக்கைக்கும் அதனைக் கண்டிப்பாக்கின. நம் சிற்றூர்களிலோ கணவன் அணிந்திருப்பார். மனைவி கொண்டையில் பூச்சூடி, மடியில் குழந்தையை ஏந்தி, ஒருக்களித்து அமர்ந்து ஞாயிறு திருப்பலிக்கு வருவார். கோவில் வாசலில் நின்று பார்க்கும் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் இது உறுத்தலான காட்சி. அக்குடும்பத்தில் காக்கப்பட வேண்டிய தலை ஒன்றுதானா? ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் சிறு தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என 2022இல் மத்திய அரசு விதி வகுத்து, மறு ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வயல் வேலைத் தொப்பியைப் போன்ற அரைக்கவசம் போதாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுக்கவசமே வேண்டும். புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கூறுகிறது. மொட்டை மாடிக்கே இப்படியானால் வண்டிக்கு எப்படி?

இனி, எந்தச் சட்ட நூலிலும் காணப்படாத வழக்கங்களுக்கு வருவோம். புதிதாகச் செல்பவரை வீழ்த்துபவை பெரும்பாலும் இவைதாம். முன்னே செல்லும் லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர் மின்னுகிறது. சில ஓட்டுநர்களின் மொழியில், 'எதிரே வண்டி இல்லை, முந்திக்கொள்' என்று அதற்குப் பொருள். சட்டத்தின் மொழியிலோ, 'நான் வலப்புறம் திரும்பப் போகிறேன், முந்தாதே' என்று பொருள். ஒரே விளக்குக்கு நேர் எதிரான இரண்டு பொருள்கள்! எந்தப் பொருளில் அவர் பேசுகிறார் என்று தெரியும்வரை பின்னாலேயே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. நம் பக்கத்தில் நாற்சந்தியில் நேராகச் செல்ல விரும்புபவர் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர மின்னவிடுகிறார். அவை பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரியவை. பக்கச் சாலையிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு ஒருபுறத்து விளக்கு மட்டுமே தெரியும். 'இவர் இப்பக்கம் திரும்புகிறார்' என்று நம்பி அவர் வண்டியை எடுத்துவிடுவார். இப்பழக்கம் தெரியாத ஊரில் நம்மவர் இதனைச் செய்தால் என்ன ஆகும்? முகப்பு விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுவதும் அப்படியே. நம் நாட்டில் அதற்குப் பொதுவாக, 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். இங்கிலாந்தில் பலர் அதனை, 'நீங்கள் முதலில் செல்லுங்கள்' என்னும் பொருளில் காட்டுகிறார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: புது ஊரில் முதல் சில வாரங்கள், அந்த ஊர் மொழியைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் அந்த ஊர்ச் சாலையையும் பாருங்கள். அலுவலகத்துக்குச் செல்லும் வழியைப் பேருந்தில் இருந்தபடி இரண்டு நாள் கவனியுங்கள். எந்தத் தெரு ஒருவழி, பள்ளி விடும் நேரம் எது, பேருந்து எங்கே திடீரென ஓரங்கட்டும் என்பன அப்போது விளங்கும். மலைப்பாதையில் வழி குறுகலானால் இறங்கி வருபவர் நின்று, ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். சமவெளியில் வளர்ந்த பலருக்கு இது தெரியாது. மைசூரிலிருந்து உதகை வழியாகவோ, வயநாடு நோக்கியோ பந்திப்பூர்க் காட்டைக் கடப்பவர்கள், 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அவ்வழி அடைக்கப்படுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அலுவலகம் முடிந்து புறப்பட்டு, கதவு அடைக்கும்முன் சேர்ந்துவிடலாம் என்று விரட்டுவது பெருந்தவறு. மறுநாள் காலையில் புறப்பட்டால் குடிலில் பாலன் காத்திருப்பார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதுவும் வழக்கம் என்ற பெயரில்தான் வருகிறது. ஒரு தாய் என்னிடம் மனம் நொந்து சொன்னார்: "சாமி, இங்கே இருந்தவரைக்கும் சிக்னலில் நிற்பான். அங்கே போன பிறகு நிற்பதில்லையாம். கேட்டால், 'எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் அம்மா, நின்றால் பின்னால் வருகிறவன் திட்டுகிறான்' என்கிறான்." அம்புரோசியாரின் அறிவுரை இங்கே செல்லாது. எதிர்த்திசையில் ஓட்டுவதும், நடைபாதையில் ஏற்றுவதும், சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் ஓர் ஊரின் வழக்கமல்ல. பலர் சேர்ந்து செய்யும் குற்றம். அகுஸ்தினார் வைத்த எல்லை இதற்காகவே.

பழைய ஒழுக்கவியல் நூல்களில், சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்துவதில்லை, மீறினால் அபராதத்தைச் செலுத்திவிட்டால் போதும் என்றொரு கருத்து உண்டு. குருமடத்தில் எங்களுக்கு அதனைக் கற்பித்தபோதே கைவிடப்பட்ட கருத்தாகத்தான் கற்பித்தார்கள். ஆயினும் நம் மக்கள் பலர் அந்நூல்களைப் படிக்காமலே அக்கருத்தில் உறுதியாக இருக்கிறார்கள்! 'மாட்டிக்கொண்டால் கட்டுவோம், சாமி' என்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 30ஆம் பத்தியில், வேக வரம்பைக் குறிக்கும் சட்டங்களையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைப் பொருட்படுத்தாதவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகின்றனர் எனக் கண்டிக்கிறது. 2007இல் திருப்பீடம் சாலைப் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஓட்டுநருக்குரிய பத்துக் கட்டளைகளுள் முதலாவது, கொலை செய்யாதே என்பதே.

அந்த இளைஞனின் சங்கடத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. யாரும் நிற்காத இடத்தில் ஒருவன் மட்டும் சட்டென்று நின்றால், பின்னால் வரும் வண்டி மோதக்கூடும், அச்சம் பொய்யன்று. எனவே தொலைவிலேயே வேகத்தைக் குறைக்கட்டும். கண்ணாடியில் பின்னால் வருவது யார் என்று பார்க்கட்டும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்லத் தொட்டுப் பின்விளக்கால் அறிவிக்கட்டும். பெரிய வண்டிக்கு நேர் முன்னால் இராமல் இடப்பக்கம் ஒதுங்கட்டும். அப்புறம் நிற்கட்டும். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். வசை எலும்பை முறிப்பதில்லை.

வசைக்கு மறுவசை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வேற்று மாநில நம்பர் பிளேட், நாம் வாய் திறக்குமுன் நம்மைப் பற்றிப் பேசிவிடுகிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மறு கன்னத்தைக் காட்டுவதற்குச் சாலையில் மிகுந்த துணிவு வேண்டும்.

நம் பக்கத்து வண்டிகளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதுமா? நம் ஊருக்கு வரும் அயல் மாநில வண்டியை நாம் எப்படி நடத்துகிறோம்? ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருநாள் வரை வேளாங்கண்ணிக்குக் கேரளத்திலிருந்தும் கோவாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. அதே நாள்களில் காவி உடுத்த நம் மக்கள் கூட்டம் கூட்டமாக இரவிலும் விடியலிலும் சாலையோரம் நடக்கிறார்கள். இப்படி ஒரு வழக்கம் இங்கே உண்டு என்பது அயலூர் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? இருட்டில் காவித் துணி தூரத்துக்குத் தெரியாது. நடைப்பயணக் குழுக்களை அனுப்பும் பங்குகள், முன்னும் பின்னும் நடப்பவருக்கு ஒளிர்பட்டை உள்ள மேலங்கியும் கைவிளக்கும் தருவது செபமாலை தருவதைப் போலவே அவசியம். அயல் எண் வண்டி ஒன்று ஒருவழித் தெருவில் தவறாக நுழைந்துவிட்டால், கூடி நின்று கூச்சலிடாமல் வழி காட்டி அனுப்புங்கள்.

இறுதியாக, மொழி தெரியாத ஊரில் விபத்தைக் காணும்போது நம் பிள்ளைகள் விலகிப் போவதற்குச் சொல்லும் காரணம்: 'வெளியூர்க்காரன், எதற்கு வம்பு?' எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவரும் வெளியூர்க்காரர்தாம். குருவும் லேவியரும் உள்ளூர்க்காரர்கள். இன்று சட்டமும் துணை நிற்கிறது. உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளின் வழியாகவும், 2019இல் சேர்க்கப்பட்ட 134-அ பிரிவின் வழியாகவும், உதவி செய்பவர் வழக்கில் இழுக்கப்படாமல் காக்கப்படுகிறார்; தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 112 என்ற எண் எந்த மாநிலத்திலும் ஒலிக்கும்.

அடிபட்டுக் கிடப்பது நம் பிள்ளையாகவும் இருக்கலாமே. கைப்பேசி உடைந்தோ பூட்டியோ இருக்கும். பெயர், இரத்த வகை, வீட்டு எண், அங்கே அறிந்தவர் ஒருவரின் எண், 'நான் கத்தோலிக்கன், குருவானவரை அழைக்கவும்' என்ற வரி ஆகியவற்றைச் சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைக்கச் சொல்லுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் அங்கே படிப்பார் இல்லை. அந்த ஊர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும்.